பத்திலிருந்து மூன்று வரை

சனிக்கிழமை என்பது எங்களுக்கு ஒரு கிழமையே இல்லை. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் இருக்கிற ஒரு பள்ளம். பத்து மணிக்குள் பழைய விருந்தாளிகள் மூட்டை கட்டிக் கிளம்பிவிட வேண்டும். மூன்று மணிக்குப் புதியவர்கள் வந்து இறங்குவார்கள். அதற்குள் சக்கரம் வைத்த தகர வீடுகளான பன்னிரண்டு கேரவன்களையும் ஒரு வீட்டையும், மனிதக் கையே படாத மாதிரி ஆக்கி வைக்க வேண்டும். மணலைக் கூட்டு, விரிப்பை உருவு, மெத்தையைத் திருப்பிப் போடு, கழிப்பறை வாளியைக் குழியில் கொட்டிக் கழுவு, போன வாரத்து மகராசி அடிபிடிக்க விட்ட சட்டியைச் சுரண்டு. ஹென்ட்ரே வயலில் பதினாறு வருஷம் இந்த வேலை பார்த்தவள் நான். இங்கிலாந்துக்காரர்கள் எதை மறந்துவிட்டுப் போவார்கள், எதைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

வயலில் கேரவன்கள் போதாதென்று வீட்டையும் வாடகைக்கு விடுவார்கள். எங்கள் கடலோர ஊர் போர்த் கெலினில் பாதிக் குடும்பம் அப்படித்தான். மே மாசக் கடைசியில் சொந்த வீட்டைக் கழுவித் துடைத்து விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, சிலர் மாட்டுக் கொட்டகை மாடிக்குப் போவார்கள், சிலர் பின்கட்டில் முடங்குவார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர் துணி துவைக்கிற அறையில் படுத்திருக்கிறோம். செப்டம்பரில் திரும்பிப் போனால், நம் வீட்டிலேயே அடுத்தவன் சோப்பு வாசனை அடிக்கும். யாரும் இதைக் கஷ்டம் என்று சொன்னதில்லை. மழை பெய்கிறது என்று யாராவது புகார் சொல்வார்களா?

ஹென்ட்ரே குடும்பம் முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய கேரவனுக்குப் போகும். விருந்தாளிக்குக் கொடுக்க லாயக்கில்லாத பதின்மூன்றாவது. ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் புதைந்து, கதவைத் திறந்தால் முழுவதும் திறக்காது, மூடினால் முழுவதும் மூடாது.

இத்வாலும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயசு. முழுப்பெயர் இத்வால் பாரி. ஆனால் ஊரில் இத்வால் ஹென்ட்ரே என்றால்தான் தெரியும். எங்கள் பக்கம் அப்பன் பேரைவிட வீட்டுப் பேர்தான் ஆளோடு ஒட்டும். ஹென்ட்ரே என்றால் எங்கள் பாஷையில் குளிர்கால வீடு. நல்ல பேர்தான் வைத்தார்கள். குளிர்காலத்துக்கு மட்டுந்தான் அது அவன் வீடாக இருந்தது. பதினாலு வயசில் மலைமேல் ஸ்லேட் குவாரிக்குப் போனான். நாற்பத்து மூன்று வருஷம் கல்லைப் பிளந்தான். குவாரியை மூடினார்கள், தூசி மட்டும் அவன் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. அந்த எழுபத்தோராம் வருஷக் கோடையில் அவனால் கேரவன் கதவிலிருந்து வேலி வரைக்கும் நடக்க முடியவில்லை. இருமல் விருந்தாளிகள் காதில் விழக்கூடாது என்று அவன் மனைவி நெஸ்டா அந்தக் கேரவனை ஜூலையில் இன்னும் இருபது அடி தள்ளி இழுத்து வைக்கச் சொன்னாள். டிராக்டர் வைத்து இழுத்தார்கள். இத்வால் உள்ளேயே படுத்திருந்தான்.

ஆகஸ்ட் மாசத்து இரண்டாவது வியாழக்கிழமை டாக்டர் வந்துவிட்டுப் போனார். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. உள்சுவரெல்லாம் வியர்த்து ஒழுகியது. கேஸ் அடுப்பை மூட்டினால் அவனுக்கு மூச்சு முட்டும். அணைத்தால் குளிர் எலும்பைக் கடிக்கும். நெஸ்டா மடியில் ஒரு பாத்திரம் வைத்துப் புது உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். மகள் லுநெட் லிவர்பூல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அந்த வாரம்தான் வந்திருந்தாள். அவள் கதவோரம் நின்றாள். நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா சொன்னார் டாக்டர்?" என்று கேட்டேன்.

"நுரையீரல்ல இனிமே... இடம் இல்லையாம்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுத்தான். "நம்ம ஆகஸ்ட் மாசம் மாதிரி. எல்லாம் புக் ஆயிருச்சு."

"வாயப் பாரு," என்றாள் நெஸ்டா, கத்தியை நிறுத்தாமல்.

"ரெண்டு நாள், மிஞ்சினா மூணு," என்றாள் லுநெட். "ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கிறாரு. அப்பா, வேற என்னதான் வேணும் உங்களுக்கு?"

"என் கட்டில்."

சமையலறையை ஒட்டின அறையில் இருக்கிற பெரிய மரக் கட்டில் அது. அவன் பிறந்ததும் அதில்தான், அவன் அப்பன் செத்ததும் அதில்தான். அந்த வாரம் அதில் பர்மிங்ஹாம்காரர் ஒருவரும் அவர் மனைவியும் படுத்திருந்தார்கள்.

"அந்த ரூம்ல கூரை உசரம்," என்றான். "இங்க நான் விட்ட மூச்சு என் மூஞ்சிலயே... திரும்பி விழுது."

"நான் போய்க் கேக்குறேன்," என்றாள் லுநெட். "அவங்களும் மனுஷங்கதானே? முழு வீடும் வேண்டாம். அந்த ஒரு ரூம் போதும்."

"கேட்டுட்டு?" நெஸ்டா நிமிர்ந்தாள். "முடியாதுன்னு சொல்லமாட்டாங்க. பாவம், எப்படிச் சொல்லுவாங்க? குழந்தைங்களக் கூட்டிட்டு மழைல வண்டி ஏறுவாங்க. வருஷம் பூரா ஃபேக்டரில நின்னுட்டு ரெண்டே வாரம் வர்றவங்க. அவங்கள சாவு வீட்டுல படுக்கச் சொல்றதா?"

"அப்ப சாகறவரத் தகர டப்பால படுக்கச் சொல்லலாமாம்மா?"

நெஸ்டா உருளைக்கிழங்கை இன்னும் வேகமாகச் சீவினாள். கெட்டுப்போன பகுதியே இல்லாத கிழங்கில் பாதியைச் சீவித் தள்ளினாள்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஊரில் எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைக்கிறவள் என்று எனக்குப் பேர் உண்டு. ஆனால் அன்றைக்கு நெஸ்டா சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. விருந்தாளிக்கு நம் கஷ்டம் தெரியக்கூடாது. அதுதான் நாங்கள் படித்த படிப்பு. நான் என் வாளிமேல் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இத்வால்தான் பேசினான். "சண்ட வேண்டாம். சனிக்கிழமை வீடு காலிதானே? பத்துல இருந்து... மூணு வரைக்கும்."

"அஞ்சு மணி நேரமா?" என்றாள் லுநெட்.

"சாகறதுக்கு அஞ்சு மணி நேரம் பத்தாதா? குவாரில வெடி வெச்சா... ரெண்டு நிமிஷந்தான் குடுப்பாங்க."

சிரிக்கப் போனவனை இருமல் பிடித்துக்கொண்டது. நெஸ்டா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகைத் தாங்கினாள். இருமல் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் தாங்குவியா?" என்று கேட்டாள்.

"புக் பண்ணிக்கோ," என்றான்.

தாங்கினான். எப்படித் தாங்கினான் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சனிக்கிழமை காலையில் பர்மிங்ஹாம்காரர்கள் பத்து மணிக்குக் கிளம்பவில்லை. அவர்களுடைய சின்னப் பெண்ணின் ஒற்றைச் செருப்பைக் காணோம். வீடு முழுக்கத் தேடினார்கள், வண்டியில் தேடினார்கள். நெஸ்டாவும் குனிந்து நிமிர்ந்து சிரித்த முகத்தோடு தேடினாள். பத்தேகால், பத்தரை. என் காலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்து அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது. பத்து முப்பத்தைந்துக்குச் செருப்பு கோழிக்கூட்டில் கிடைத்தது. வண்டி முனை திரும்பும்வரை நெஸ்டா கையசைத்தாள். கையை இறக்கினதும், "கெதின், நாற்காலி," என்றாள்.

கெதின் சனிக்கிழமைதோறும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள். முப்பது வயசு, எருது மாதிரி தோள். சமையலறை நாற்காலியில் இத்வாலை உட்காரவைத்து, இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டி, கெதின் முன்னாலும் லுநெட் பின்னாலும் தூக்கினார்கள். வேலிச் சந்து, உருளைக்கிழங்குப் பாத்தி, பின்வாசல். அறுபது அடி தூரம் இருக்கும். மலை மேகத்துக்குள் போயிருந்தது. தூறலில் நெஸ்டா அவன் தலைக்குமேல் ஒரு மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

"மாமா, ஒரு சிலிண்டர் கனங்கூட இல்லையே நீங்க," என்றான் கெதின்.

"காலி சிலிண்டர்டா," என்றான் இத்வால். "திருப்பிக் குடுக்க வேண்டியது."

கட்டிலில் பழைய விரிப்பைக்கூட நாங்கள் மாற்றவில்லை, நேரமில்லை. இன்னொருத்தியின் பவுடர் வாசனைக்கு மேலேயே அவனைப் படுக்கவைத்தோம். லுநெட் அடுப்பில் விறகு வைத்தாள். நெஸ்டா நீல நூலில் பின்னிய உறை போட்ட வெந்நீர்ப் பையை அவன் பாதத்தடியில் வைத்தாள். ஜன்னலைத் திறந்ததும் கடல் சத்தம் உள்ளே வந்தது. இத்வால் மேலே பார்த்தான். உயரமான கூரை. ஒரு மூச்சு இழுத்தான். அது வியாழக்கிழமை மூச்சைவிட நீளமாக இருந்தது.

நாங்கள் வேலைக்குப் போனோம். வேறென்ன செய்ய? பன்னிரண்டு கேரவன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. லுநெட் அப்பாவோடு இருந்தாள். நெஸ்டா ஒன்றிலிருந்து தொடங்கினாள், நான் பன்னிரண்டிலிருந்து. ஒவ்வொரு கேரவன் முடிந்ததும் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள், வெந்நீர்ப் பையில் புது வெந்நீர் மாற்றிவிட்டு ஓடி வருவாள். நாலாவது முறை வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"போயிட்டானா?" என்றேன்.

"பசிக்குதாம்," என்றாள்.

அப்படித்தான் நடந்தது. மோரில் புது உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்தாளாம், மூன்று கரண்டி சாப்பிட்டானாம், உப்புப் போதவில்லை என்றானாம். ஒரு மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது கன்னத்தில் ரத்தம் தெரிந்தது. "மேனா, அந்த ஜன்னல் தாழ்ப்பாளுக்கு எண்ண போடணும்," என்றான், மூச்சு வாங்காமல் ஒரே வரியில். அந்த அறையும் அடுப்பும் உயரக் கூரையும் அவனுக்கு இன்னும் ஒரு வாரம் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சந்தோஷப்பட வேண்டியவள், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். லுநெட்டும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவுக்காகக் கொண்டுவந்து கிடத்தினோம், அவன் பிழைத்துக்கொண்டிருந்தான். அதைவிடக் கொடுமை உண்டா, சொல்லுங்கள்!

"நெஸ்டா, நீ போய் அவன்கிட்ட உக்காரு," என்றேன் இரண்டு மணிக்கு. "மிச்சத்த நான் பாக்குறேன்."

"ஆறாம் நம்பர்ல எலிப் புழுக்க கிடக்கு."

"கிடக்கட்டும், சனியன்! எலியும் லீவுக்கு வந்ததுன்னு சொல்லிக்கறேன். போடி!"

போனாள். புதிய விரிப்புகளை எடுத்துக்கொண்டு கால்மணி நேரம் கழித்து நான் போனபோது, நெஸ்டா சேற்றுக் காலணியைக் கழற்றிவிட்டு, ஏப்ரனோடு, அவன் பக்கத்தில் மேல்விரிப்பின்மீது படுத்திருந்தாள். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மே மாசத்திலிருந்து அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்ததில்லை. கேரவன் பலகைகள் ஒரு ஆளுக்குத்தான் காணும். நான் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கீழ்க் கேட்டில் கார் ஹாரன் அடித்தது. மணி இரண்டரைகூட ஆகவில்லை.

"ஹாலம் குடும்பம்," என்றாள் லுநெட், ஜன்னலிலிருந்து. "ஸ்டோக் ஊர்க்காரங்க, வீட்டுக்கு வர்றவங்க. நான் போய்ச் சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்."

நெஸ்டா எழுந்து உட்கார்ந்தாள். மகளைப் பார்த்தாள். "சொல்லு," என்றாள். "போய்ச் சொல்லு, லுநெட்."

பதினாறு வருஷத்தில் நான் அவள் வாயிலிருந்து கேட்காத வார்த்தை அது.

"லுநெட், நில்லு." இத்வால் கையை ஊன்றிக்கொண்டு தலையைத் தூக்கினான். "ஜனவரில கடிதாசி எழுதினது யாரு? வீடு உங்களுக்குத்தான், வாங்கன்னு... உன் கையெழுத்துதானே, நெஸ்டா? பதினோரு வருஷமா வர்றவங்க. வாசல்ல வெச்சுத் திருப்பி அனுப்புவியா?"

"அனுப்புவேன்."

"என்ன வெச்சு உன் வார்த்தையப் பொய்யாக்காத." மூச்சு மறுபடியும் துண்டு துண்டாகப் போனது. "எனக்குப் போதும். கூரையப் பாத்துட்டேன். கெதினக் கூப்பிடு."

"இத்வால்..."

"கூப்பிடு. அப்புறம் விரிப்ப மாத்துங்க. நான் வேர்த்திருக்கேன்."

நெஸ்டா இரண்டு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு அவள் சனிக்கிழமை நெஸ்டா ஆகிவிட்டாள். "லுநெட், நீ கேட்டுக்குப் போய்ப் பேச்சுக் குடு. புதுக் குழாயக் காட்டு, கன்னுக்குட்டியக் காட்டு, என்னத்தையாவது காட்டு. மேனா, கட்டில்."

அவர்கள் நாற்காலியோடு பின்வாசலால் வெளியே போக, நான் கட்டிலைப் பிடித்தேன். அந்த வேகத்தில் என் கை எனக்கே தெரியவில்லை. உருவினேன், விரித்தேன், உதறினேன், நாலு மூலையும் செருகினேன், மோர்க் கிண்ணத்தை ஏப்ரனுக்குள் போட்டேன். முன்வாசலில் லுநெட்டின் குரல், கன்றுக்குட்டியைப் பற்றி, தேவைக்கு மேல் சத்தமாக. ஒரு கிழவியின் இருமல். நான் பின்வாசலால் நழுவி, மழைக்குள் ஓடினேன்.

உருளைக்கிழங்குப் பாத்தியைத் தாண்டி வேலிச் சந்தில் அவர்களைப் பிடித்தேன். முன்னால் கெதின், பின்னால் நெஸ்டா. கெதின் நின்றுவிட்டிருந்தான்.

"மாமி, கொஞ்சம் நில்லுங்க."

"என்ன?"

"கனம் மாறிருச்சு."

இத்வாலின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, மழைநீர் காதோரம் வழிந்தது. நெஸ்டா குனிந்து பார்க்கவில்லை. நாற்காலிக் கால்களைப் பிடித்த அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பின்னால், வீட்டுக்குள், யாரோ ஒரு பிள்ளை "இந்த ரூம் எனக்கு!" என்று கத்திக்கொண்டு ஓடியது.

"நட," என்றாள் நெஸ்டா. "நனையறான்."

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்தப் பாதை முழுவதும் எல்லா வீட்டிலும் ஜன்னல் திரையை இழுத்து மூடுவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நெஸ்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊர்ல நாளைக்குச் சாயங்காலம் சொல்லு, மேனா. அவங்க கடற்கரைக்குப் போனப்புறம் சவப்பெட்டிக்கு அளவெடுக்கத் தச்சர் வரட்டும். மொத நாளே திரைய மூடினா அவங்க என்னன்னு கேப்பாங்க," என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சரி என்றேன். அந்தப் பழைய கேரவனின் திரைகளை மட்டும் மூடினோம். ஹென்ட்ரே ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. அவன் பார்த்துக்கொண்டு படுத்திருந்த ஜன்னலில் மறுநாள் காலை ஒரு சிவப்பு நீச்சல் உடை காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு அந்தக் கேரவன் கதவு தட்டப்பட்டது. முட்டைக்கும் பாலுக்கும் விருந்தாளிகள் வருகிற நேரம். லுநெட் தூங்காத கண்ணோடு அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நெஸ்டா ஏப்ரனை நேராக்கிக்கொண்டு, முழுவதும் திறக்காத அந்தக் கதவைத் திறந்து, இடைவெளியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"குட் மார்னிங், மிஸஸ் பாரி. எழுப்பிட்டேனா? திரையெல்லாம் மூடியிருந்தது." மழைக்கோட்டுப் போட்ட மிஸஸ் ஹாலம். "வீட்டுக்காரர் இன்னும் தூங்கறாரா?"

"தூங்கறார்," என்றாள் நெஸ்டா அவர்கள் பாஷையில்.

"இதத் திருப்பிக் குடுத்துட்டு, நன்றி சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

கோட்டுக்குள்ளிருந்து அவள் எடுத்தது நீல நூல் உறை போட்ட வெந்நீர்ப் பை. அவசரத்தில் அதைக் கால்மாட்டுக் கம்பளி மடிப்பிலேயே விட்டு விரிப்பைச் செருகியிருக்கிறேன், பாவி!

"எங்கம்மாவ அந்தப் பெரிய கட்டில்லதான் படுக்கவெச்சோம். கால நீட்டினதும் சூடு. படுக்கையே கதகதன்னு இருக்குடின்னு அழுதுட்டாங்க, மிஸஸ் பாரி. வழியெல்லாம் மழை, அவங்களுக்கு நெஞ்சுல சளி வேற. எந்த ஓட்டல்ல இப்படி யோசிச்சு வெச்சிருப்பாங்க?"

நெஸ்டா பையை வாங்கிக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லட்டுமா? இந்த வருஷம் வேண்டாம்னுதான் இருந்தோம். அம்மா இருக்கற நிலைமைக்கு வீட்லயே இருந்துடலாம்னு. பாதி வழில வண்டிய நிறுத்தி, திரும்பிடலாமான்னுகூடப் பேசினோம். அம்மாதான் கேக்கல. மிஸஸ் பாரி நமக்காக வீட்ட ஒழிச்சு வெச்சுட்டுக் காத்திருப்பாங்க, அவங்கள ஏமாத்தக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்காகத்தான் வந்தோம்."

லுநெட் வாயில் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டாள். நெஸ்டாவின் முதுகு அசையவில்லை. அவளுக்கு ஒரு அடி பின்னால், வெள்ளைத் துணிக்கடியில், இத்வால் கிடந்தான்.

"உங்கம்மா நல்லாத் தூங்கினாங்களா?" என்று கேட்டாள்.

"விடியற வரைக்கும் அசையவே இல்ல."

"அந்தக் கட்டில் அப்படித்தான்," என்றாள் நெஸ்டா. "எத்தன முட்ட வேணும்?"